பியானோவும் அதன் திறப்பும்

வலிகாமத்திலுள்ள ஒரு பாடசாலை; பழைய மிஷன் மரபிலே தோன்றியது. அதன் மண்டபத்து மேடையின் மூலையிலே நெடுங்காலமாக ஒரு பியானோ நிற்கின்றது. நிற்கின்றது என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல இன்று அதிகமில்லை. பின்பலகையைக் கறையான் தின்றுவிட்டது. கட்டைகளுட் பாதி, அமுக்கினால் அமுங்குவதில்லை, அமுங்கியவை எழுவதில்லை. பரிசளிப்பு விழாக்களிலே அதன்மேற் பூச்சாடி வைக்கின்றார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்கள் சிலர் அந்த இடத்துக்குப் புதிய பியானோ ஒன்றை வாங்கித் தர அண்மையிலே முன்வந்தார்கள். எத்தகைய பியானோவை, எங்கே, என்ன விலைக்கு வாங்குவது என்று ஆராய ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்துக்கு, அயற்பாடசாலை ஆசிரியனாகிய என்னையும் அழைத்திருந்தார்கள்.

கடையிலே ஒரு சாமான் வாங்கும் காரியத்திலே அறநெறி விசாரத்துக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். நானும் அவ்வாறு எண்ணிக்கொண்டே போனேன். இரண்டு விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்து, தேநீர் குடித்துத் திரும்பிவிடலாம் என்பது என் நினைப்பு. மூன்று மணித்தியாலம் கழிந்தும் விலைப்பட்டியலை எவரும் விரிக்கவில்லை.

முதலில் எழுந்த ஆட்சேபம் எதிர்பார்க்கத்தக்கதே. காலையிலே வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் உள்ள பாடசாலைக்குப் பியானோ எதற்கு? இந்த வினாவை எழுப்பியவர் நம்மைப் போன்ற இடதுசாரி எண்ணமுடைய ஆசிரியர். அவருடைய கோபம் நேர்மையானது. ஆயினும் அவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், ஏழைக்குச் சோறு, செல்வனுக்குச் சங்கீதம் என்ற பிரிவினையிலே போய் நிற்கும். அந்தப் பிரிவினையை எந்த நிலப்பிரபுவும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வான். 1990களிலே இக்குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை; மின்கலங்களும் சவர்க்காரமும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்தன. அந்நாளிலே நம்மவர் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையாலே மிதியைச் சுற்றி, தைனமோவின் மின்சாரத்திலே வானொலி கேட்டார்கள். செய்திக்காகச் சுற்றினார்கள் என்பது உண்மை. செய்தி முடிந்தபின்பு பாட்டுக்காகவும் சுற்றினார்கள் என்பதும் உண்மையே. வயிறு நிரம்பியபின் வருவதுதான் சங்கீதம் என்று எண்ணியிருந்தால், அந்தக் கைகள் அன்று ஓய்ந்திருக்கும்.

சங்கீதம் ஆடம்பரமன்று என்று நிறுவிவிட்டால், பியானோவும் ஆடம்பரமன்று என்று நிறுவியதாகுமா? ஆகாது. அதற்குப் பின்னர் வருகின்றேன்.

இரண்டாவது ஆட்சேபம், இது அந்நியருடைய வாத்தியம் என்பது. இதனை நெடுநேரம் ஆராய வேண்டியதில்லை. பாலுசுவாமி தீட்சிதர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலினில்லாத கச்சேரி நமக்கு வெறுமையாகத் தோன்றுகின்றது. 1842இல் பாரிஸ் நகரிலே உரிமை பதியப்பட்ட ஆர்மோனியம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே கல்கத்தாத் தொழிலாளரின் கையிலே காலாற்றுருத்தியை இழந்து, கையாற்றுருத்தியைப் பெற்று, நிலத்திலே சப்பாணி கட்டி இருந்து வாசிக்கத்தக்க சிறு பெட்டியாயிற்று. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்தது, மக்கள் விலக்கவில்லை. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து மயான காண்டத்திலே அரிச்சந்திரனாக நின்று பாடிய இரவுகளிலே, ஆர்மோனியம் யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் சொந்தக் குரலாயிருந்தது. நாலு கட்டை, ஐந்து கட்டை என்று இன்றும் பாடகரின் சுருதியை அளக்கின்றோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான். பிறநாட்டுப் பெட்டி ஒன்று நம் தொண்டைக்கே அளவுகோலாயிற்று. எனவே அந்நியம் என்பது வாத்தியத்தின் பிறப்பிலே இல்லை.

அப்படியானால், ஆர்மோனியம் சென்ற வழியிலே பியானோ ஏன் செல்லவில்லை? இந்த வினாதான் என்னை அன்று பிடித்துக்கொண்டது.

ஒரு காரணம் வெளிப்படையானது. 1700ஆம் ஆண்டளவிலே புளோரன்ஸ் நகரத்துக் கிறிஸ்தோபொரி என்னும் கைவினைஞர் செய்த வாத்தியம், தொழிற்புரட்சியின் இரும்பையும் உருக்கையும் உட்கொண்டு பெருத்தது. இன்று ஒரு பியானோவிலே 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 கம்பிகளும் உள்ளன. அக்கம்பிகள் அனைத்தின் இழுவிசையையும் கூட்டினால் 18 தொன் அளவிலே வரும். அதனைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். அவ்வளவு பாரத்தைத் தோளிலே தூக்கிக்கொண்டு திருவிழா மேடைக்குப் போக முடியாது. கமகத்துக்கும் அது இடங்கொடாது. ஒரு சுரத்துக்கும் மற்றதற்கும் இடையே உள்ள வெளியிலே தான் நம் இராகங்கள் வாழ்கின்றன, அவ்வெளியையோ பியானோவிலே மரத்தாலும் உருக்காலும் அடைத்துவிட்டார்கள்.

ஆனால் இவை முழுக்காரணமல்ல. பியானோ நம்மிடையே எங்கே நின்றது என்பதைப் பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் தத்தம் பாடசாலைகளை நிறுவினார்கள். அம்மண்டபங்களிலும் மிஷன் பங்களாக்களிலும் பின்னர் உத்தியோகத்தர் வீட்டு விறாந்தைகளிலும் பியானோ நின்றது. இலண்டனிலிருந்து கப்பலேறி வரும் பரீட்சகர் முன்னிலையிலே வாசித்துச் சான்றிதழ் பெறுவதற்காகப் பிள்ளைகள் பழகினார்கள். கேட்பவருக்காக வாசித்தவர் குறைவு. சான்றிதழுக்காக வாசித்தவர் அதிகம்.

அந்தப் பழைய பியானோக்களின் வெள்ளைக் கட்டைகள் எதனாலானவை? யானைத் தந்தத்தாலானவை. கறுப்புக் கட்டைகளோ கருங்காலி. இலங்கையின் உலர்வலயக் காடுகளிலே வளரும் கருங்காலி உலகச் சந்தையிலே உயர்தரமென்று பெயர்பெற்றது. ஆனையிறவு என்று ஓர் இடத்துக்குப் பெயர் வைத்திருக்கும் நமக்கு, யானை விற்பனைச் சரக்காவது புதிதன்று. வன்னிக் காட்டிலே பிடித்த யானைகளை அந்தக் கடனீரேரி வழியே நடத்திவந்து ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலே ஏலம் போட்டார்கள். பியானோவுக்குச் சென்ற தந்தம் பெரும்பாலும் கிழக்காபிரிக்கத் தந்தம். உட்பிரதேசத்திலிருந்து கரைவரையும் அதனைச் சுமந்தவர்களுட் பலர் அடிமைகள். சன்சிபார் தீவின் அடிமைச் சந்தை 1873இலேதான் மூடப்பட்டது. அதுவரை தந்தமும் தந்தத்தைச் சுமந்த மனிதனும் ஒரே துறைமுகத்திலே விலைபோயினர். அத்தந்தம் கப்பலேறிப் போன இடங்களுள் முக்கியமானவை அமெரிக்காவின் கனெக்ரிக்கற் மாநிலத்து டீப் றிவர், ஐவரிற்றன் என்னும் இரண்டு சிற்றூர்கள். இரண்டாவது ஊரின் பெயரே தந்தத்தின் பெயர். நமக்கு ஆங்கிலமும் வான சாத்திரமும் கற்பித்த மிஷனரிமாரை அனுப்பிய நியூ இங்கிலாந்துப் பிரதேசத்திலேதான் அவ்வூர்களும் உள்ளன.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. டீப் றிவரிலே தந்தச் சீப்பும் பியானோக் கட்டையும் செய்யும் தொழிலை வளர்த்தவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் றீட். அவர் அடிமை ஒழிப்பு இயக்கத்தை மனமார ஆதரித்தவர். தென்மாநிலத்திலிருந்து தப்பி ஓடிவந்தவருக்குத் தம் வீட்டிலே அடைக்கலமும் கொடுத்தவர். அவரைப் போலி என்று சொல்ல முடியாது. வாசலிலே வந்து நின்ற அடிமையை அவர் கண்டார், இரங்கினார், சட்டத்தை மீறிக் காப்பாற்றினார். தம் பட்டறையிலே அறுபட்டுக்கொண்டிருந்த தந்தத்துக்குள் இருந்த அடிமையை அவர் காணவில்லை. பண்டத்துக்குள்ளே மனித உறவு மறைந்து கிடக்கின்றது என்று மார்க்ஸ் விளக்கியதை மாணவர்க்குச் சொல்லும்பொழுது, இந்த நல்ல மனிதரை நான் உதாரணம் காட்டுவதுண்டு. கெட்டவனைக் காட்டி விளக்குவதிலே பயனில்லை.

இன்றைய பியானோவிலே தந்தமில்லை. ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரம் 1989ஆம் ஆண்டுத் தீர்மானத்தோடு தடைப்பட்டது. கட்டைகள் இப்பொழுது பிளாஸ்ரிக்கால் ஆனவை. இன்று உலகிலே மிகுதியான பியானோக்களைச் செய்யும் நாடு சீனா. புதிதாக வாங்கச் செல்பவருக்குக் கொழும்புக் கடைகளிலே சீனப் புதுப் பியானோவும் யப்பானியப் பழம் பியானோவும் மின்சாரப் பியானோவும் காட்டப்படும். மண்டபத்துத் தளபாடத்தின் நிறத்துக்குப் பொருந்துமா என்று கேட்பார்கள். யார் வாசிப்பார் என்று கேட்பவர் அரிது.

யப்பானைக் குறிப்பிட்டபின் மற்றொன்றையும் சொல்லவேண்டும். 1887இல் ஹமமற்சு நகரத்துப் பாடசாலை ஒன்றிலே, வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்கன் ஒன்று பழுதாயிற்று. அதனைத் திருத்த அழைக்கப்பட்ட யமஹா என்னும் கைவினைஞர் திருத்தியதோடு நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தார், தாமே ஒன்று செய்தார். 1900இல் அவருடைய தொழிற்சாலை பியானோவும் செய்தது. நம் மிஷன் பாடசாலைகளிலும் பழுதான ஆர்கன்கள் இருந்தன. நம்மிடம் கைகள் இல்லாமற் போகவில்லை. நம் தச்சர் தேர் செய்கின்றார்கள். வல்வெட்டித்துறையிலே கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938இல் நம் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. மிஷனரியை அனுப்பிய நாட்டுக்கு நம் மரவேலை பாய்விரித்துப் போயிற்று! ஆனால், கல்லூரி மண்டபத்துப் பெட்டியைத் திறந்து பார் என்று எந்தத் தச்சனையும் நாம் அழைத்ததாகத் தெரியவில்லை. மண்டபத்துக்குள்ளே வரத்தக்க கையும் மரத்தைத் தொடத்தக்க கையும் நம் சமுதாயத்திலே வெவ்வேறு கைகளாயிருந்தன.

இனி, பிரச்சினையின் நடுவுக்கு வருகின்றேன்.

யாழ்ப்பாணத்திலே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சாதி உண்டு. இதை மறைத்துப் பேசுவதிலே பயனில்லை. தவிலும் நாதஸ்வரமும் இணுவிலிலும் அளவெட்டியிலும் குலத்தொழிலாக வளர்ந்தன. தவில் மேதை தட்சணாமூர்த்தியைத் தமிழகத்தார் ‘யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி’ என்று ஊரின் பெயரோடு கொண்டாடினார்கள். 1975இல், நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன் மறைந்த அவருடைய வாசிப்பை ஒலிநாடாக்களிலே கேட்டு இன்றும் தவிற்காரர் வியக்கின்றார்கள். ஆயினும் இந்த ஊரிலே, வீதியிலே வாசிக்கும்வரை வித்துவான், வாசித்து முடித்தபின் ‘மேளகாரர்’ என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. உயர்சாதி வீட்டுப் பெண்பிள்ளையின் மடியிலே வீணை இருக்கலாம்; ஆண்பிள்ளை மிருதங்கம் பழகலாம்; தவிலைத் தோளிலே மாட்டினால் குடும்பத்துக்கு இழுக்கு. மிருதங்கத்திலும் தோல்தானே என்றால், வாசிப்பவர் ஒருவர், தோலைப் பதமாக்கிக் கட்டுபவர் வேறொருவர் என்பது விடை. அத்தோலைக் கட்டும் மக்களைப்பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதினார். வெளியீட்டுக்கு முதலிலே இடங்கொடுத்த சென்னைக் கலாக்ஷேத்ரா பின்பு மண்டபத்தை மறுத்தது.

பறையைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அந்த வாத்தியத்தின் பெயரே ஒரு மக்கட் கூட்டத்தின் பெயராகவும், அதுவே வசைச்சொல்லாகவும் ஆயிற்று. யாருடைய சாவுக்கு அடிப்பது, எங்கே நின்று அடிப்பது, எந்தப் படலைக்கு அப்பால் வரக்கூடாது என்பனவெல்லாம் அடிக்கும் தாளத்தை விடக் கண்டிப்பாக வகுக்கப்பட்டிருந்தன.

பியானோவுக்கோ சாதியில்லை. அதன் சுத்தியல்களிலே செம்மறியாட்டு மயிராற் செய்த கம்பளம் இருக்கின்றது. பழைய பியானோக்களின் உள்ளுறுப்புகளிலே தோலும் இருக்கின்றது. அந்தத் தோலைப் பதனிட்டவன் எந்தச் சாதி என்று யாழ்ப்பாணத்திலே எவரும் கேட்டதில்லை. கடல் கடந்து வந்த தோல் தீட்டில்லை. ஆகவே, மேளத்தைத் தொடமாட்டாத குடும்பங்கள் பியானோவை நடுவீட்டிலே வைத்துப் பெருமைப்பட்டன. சங்கீதமும் வேண்டும், சங்கீதத்தை உண்டாக்கியவனின் வியர்வை மணம் வேண்டாம் என்ற நம் மேட்டுக்குடி மனத்துக்கு, பியானோ மிகப் பொருத்தமான வாத்தியமாயிற்று.

இந்த எண்ணம் எனக்கு அக்கூட்டத்திலேதான் தெளிவாயிற்று. தெளிவானதும் எழுந்து பேசினேன். புதிய பியானோ வேண்டாம். கொழும்பிலே பழையதொன்றை மலிவாக வாங்குவோம். மிகுதிப் பணத்துக்குத் தவில் இரண்டும் நாதஸ்வரமும் பறைகளும் வாங்கி, அவற்றைப் பழக்க ஆசிரியரை வைப்போம். பாடசாலை மேடையிலே பறை முழங்குவதுதான் உண்மையான சமத்துவம் என்று சொன்னேன். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைச் சாவுக்குறியிலிருந்து மீட்டு எழுச்சிக் குறியாக்கியதையும் எடுத்துக்காட்டினேன். சபையிலே சிலர் கைதட்டினார்கள். என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். வான் ஓட்டிப் பிழைப்பவர். அவர் கேட்ட வினாவை அவருடைய சொற்களிலேயே தருகின்றேன்: “மாஸ்ரர், என்ரை அப்பு அடிச்ச பறையை என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை திரும்பவும் போடப் பாக்கிறியளோ?”

மண்டபம் அமைதியாயிற்று. அவர் கோபப்படவில்லை, உண்மையிலே அறிய விரும்பிக் கேட்டார். தம் தகப்பன் பறையைக் கொண்டுபோய்க் கிணற்றடியிலே போட்டுவிட்டு, இனி எவன் செத்தாலும் அடிப்பதில்லை என்று நின்ற நாளைச் சொன்னார். அதற்காகப் பட்ட அடியையும், வேலை தராமல் ஒதுக்கிய பருவங்களையும் சொன்னார். தம் மகள் அந்தப் பழைய பியானோவிலே, எழும்பாத கட்டைகளுக்கு நடுவே எழும்பும் கட்டைகளைத் தேடி ஒரு பாட்டை வாசிக்கப் பழகியிருக்கின்றாள் என்றும், அதிபர் கண்டு மூடியைப் பூட்டித் திறப்பை எடுத்துச் சென்றுவிட்டார் என்றும் சொன்னார். அதிபர் தலைகுனிந்தார். சாமான் பழுதாகக்கூடாது என்றுதான் பூட்டினேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

நான் இருந்துவிட்டேன். இருந்தபின் பேசுவதற்கு எனக்கு அன்று ஒன்றும் வரவில்லை. எழுதுவதற்கு இப்பொழுது வருகின்றது.

என் வாதத்திலே என்ன பிழை? பறை இழிந்ததன்று என்பது சரி. பியானோ உயர்ந்ததன்று என்பதும் சரி. ஆனால் அறம் வாத்தியத்திலே இருப்பதாக நினைத்தேன். யார் கையிலே, எந்தத் திசையிலிருந்து அது வந்து சேர்கின்றது என்பதை நான் எண்ணவில்லை. பறையைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்தின் பேரில் அடித்தவனுக்கு, அதை எறிவதுதான் விடுதலையின் முதல் அடி. அவன் விரும்பினால் ஒருநாள் தானாக அதை மீண்டும் எடுப்பான், எடுத்தவர்களும் இருக்கின்றார்கள். எடு என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. பறையடிக்கும்படி பணித்தவர்களின் பரம்பரையிலே வந்தவன் நான்; இன்று கலையின் பெயராலே மறுபடி பணிக்கின்றேன். அதே கட்டளை, புதிய பாஷையிலே. பறையைக் கழுத்திலே மாட்டிப் பழகவேண்டிய பிள்ளை உண்டென்றால், அது என் வீட்டுப் பிள்ளை. பியானோவின் முன்னே இருத்தவேண்டிய பிள்ளை அந்த வான் சாரதியின் மகள். பியானோவுக்குச் சாதியில்லை என்பது என் போன்றவனுக்குத் தப்பியோடும் வழி. அவளுக்கோ அது திறந்த வாசல். இரண்டையும் ஒரே தராசிலே நிறுத்தது என் தவறு.

நம் ஊரிலே வாசல் திறப்பது எளிதாக நடந்ததுமில்லை. பாடசாலைகளிலே சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென்ற போராட்டம் 1920களின் இறுதியிலே தீவிரமானபோது, ஒரே வாங்கிலே பிள்ளைகள் இருப்பதைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும், தேநீர்க்கடைப் பேணியும் கோயில் வாசலும் எல்லார்க்கும் பொதுவாகவேண்டும் என்பதற்காக நடந்தன. இடையிலே, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்திடம் வந்தன. மண்டபங்களும் வாங்குகளும் பியானோக்களும் மக்களின் சொத்தாயின. நம் இயக்கத்தார் அதனை வரவேற்றார்கள், வரவேற்றது சரியே. ஆனால் பியானோ மக்கள் சொத்தான பின்பும் அதன் திறப்பு அதிபரின் மேசை இழுப்பறையிலேதான் இருந்தது. சட்டத்தால் உடைமையை மாற்றலாம்; இழுப்பறையை யார் திறப்பது?

முன்னே விட்டுவந்த வினா ஒன்று இருக்கின்றது: பியானோ ஆடம்பரமா? பூட்டிய பியானோ ஆடம்பரம். அதைவிடப் பெரிய ஆடம்பரம் வேறில்லை. பூச்சாடி வைப்பதற்கு 18 தொன் இழுவிசை வேண்டாம். திறந்த பியானோ ஆடம்பரமன்று என்று நான் துணிந்து சொல்வேன். ஆனால் திறந்து வைப்பதற்குச் செலவுண்டு, அதை எவரும் கணக்கிடுவதில்லை. வாடைக்கால மழையிலே அதன் ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி வீங்கும். சோளகக் காற்றிலே காய்ந்து சுருங்கும். உப்புக்காற்றிலே கம்பிகள் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு இருமுறையாவது சுருதி கூட்டவேண்டும். யுத்த காலத்திலே கண்டி வீதி ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தபொழுது எத்தனை பியானோக்கள் சுருதி கெட்டு ஊமையாயின என்பதை எவரும் எண்ணி வைக்கவில்லை. 1995 ஒக்டோபரிலே வலிகாமம் முழுதும் ஒரே இரவிலே பெயர்ந்தபோது மனிதரைத் தூக்கவே கைகள் போதவில்லை. இன்று வீதி திறந்திருக்கின்றது. ஆயினும் சுருதி கூட்டுபவரைக் கொழும்பிலிருந்து அழைக்கும் பாடசாலை, தன் பிள்ளைகளுள் ஒருவரை அத்தொழில் பழக அனுப்பலாமே என்று எண்ணுவதில்லை. பழகிவந்தால் அது ஒரு பிழைப்பும் ஆகும். மேலைத்தேய சங்கீதத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் அது கதவில்லாத அலுமாரி.

புதியதா பழையதா என்ற பேச்சு பின்பு எளிதாக முடிந்தது. பழைய மாணவர்களுக்கு எழுதும் கடிதத்தைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடமே தந்தார்கள். தண்டனை என்றுதான் நினைக்கின்றேன். புதியதன் விலைக்கு நல்ல நிலையிலுள்ள பழையதொன்றும், ஐந்தாண்டுக்குச் சுருதி கூட்டும் செலவும், ஓர் ஆசிரியையின் வேதனத்திலே ஒரு பங்கும் வரும் என்று எழுதினேன். பியானோவிலே கொடையாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு வேண்டுமென்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அதை மறுக்கவில்லை, பெருந்தன்மைக்கு அவ்வளவு கூலி அதிகமன்று. திறப்பை மண்டபக் கதவருகே, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்திலே, ஆணியிலே கொழுவிவைப்பது என்றொரு வாசகத்தையும் சேர்த்தேன். அதிபர் அந்த வாசகத்தை இரண்டுமுறை வாசித்தார். ‘ஆசிரியர் மேற்பார்வையில்’ என்ற இரு சொற்களை இடையிலே எழுதினார். நான் அவற்றை வெட்டினேன். அவர் மறுபடி எழுதினார். கடிதம் அந்த இரு சொற்களோடுதான் போயிற்று.

அன்றிரவு வீட்டிலே நடந்ததைச் சொன்னேன். அக்காவின் பேத்தி வீணை பழகுகின்றாள். நல்ல கைவிரல், கூரிய காது. அயலூரிலே பறை பழக்கும் இளைஞர்கள் இருக்கின்றார்கள், சனிக்கிழமைகளிலே இவளை அனுப்புவோமா என்று கேட்டேன். பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு விருப்பம் என்பது முகத்திலே தெரிந்தது. அக்கா சொதிச் சட்டியை இறக்கிவைத்து, சேலைத் தலைப்பாலே கையைத் துடைத்து, சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“முதலிலை அந்தப் பியானோ வந்து சேரட்டும், தம்பி” என்றார்.